அரைச் சாண் வயிறு

மனிதனுக்கு ஒரு சாண் வயிறு என்பார்கள். எங்கள் வீட்டுப் பஞ்சுவுக்கு அதில் பாதிகூட இல்லை. அந்த அரைச் சாண் வயிறு எனக்குக் கற்பித்த பாடத்தையே இங்கு எழுதுகிறேன்.

திருச்சியிலிருந்து மாமா ஒரு கூடையில் வைத்துப் பஞ்சுவைக் கொண்டுவந்தபோது அதற்கு வயது இரண்டு மாதம். எடை ஒரு கிலோவைச் சற்றே தாண்டியிருந்தது. இவ்வகை வெள்ளை நாயைப் ‘பொமரேனியன்’ என்றே நாம் சொல்கிறோம். உண்மையில் நம் ஊர்களில் வளர்பவற்றுள் பெரும்பாலானவை ‘இந்தியன் ஸ்பிட்ஸ்’ என்னும் சிற்றினமாகும். திருக்கோகர்ணத்தில் எங்கள் தெருவே திரண்டு வந்து பார்த்தது.

அதற்கு என்ன உணவு கொடுப்பது? வீட்டில் ஆளுக்கொரு கட்சி. அப்பத்தா பசும்பால் கட்சி. தாம் சிறுவயதில் வளர்த்த ராஜபாளையம் நாய் சோறும் குழம்பும் தின்றே வேலி தாண்டிப் பாய்ந்தது என்றார் அப்பா. தமிழிலக்கியம் பயிலும் நான் சும்மா இருப்பேனா? திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய ‘மருந்து’ அதிகாரத்தைத் துணைக்கு அழைத்தேன். முன் உண்டது செரித்த பின்பே உண்ண வேண்டும், அதுவும் அளவறிந்து என்று வள்ளுவர் கூறியிருக்கிறாரே! ஆகவே காலையில் ஒரு வேளை, இரவில் ஒரு வேளை என்று சட்டம் இயற்றினேன். காலையில் பால், இரவில் சாம்பார் சாதம்.

மூன்றாம் நாள் வயிற்றுப்போக்கு கண்டது. பாலை நிறுத்தினோம், அதற்கு ஈடாக வேறொன்றும் கொடுக்கவில்லை. மறுநாள் மாலை நான் கல்லூரியிலிருந்து திரும்பியபோது, வாசலுக்கு ஓடிவரும் பஞ்சு வரவில்லை. திண்ணையோரம் துவண்டு கிடந்தது. உடல் நடுங்கியது, கண்கள் செருகியிருந்தன. “ஏய்யா, உசுரு இருக்கான்னு பாரு” என்று அப்பத்தா அழுதார். துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினேன்.

அவர் அதன் ஈறுகளில் சர்க்கரைக் கரைசலைத் தடவினார். ஊசி வழியே குளுக்கோசும் செலுத்தினார். சிறிது நேரம் கழித்துப் பஞ்சு தலையைத் தூக்கிற்று. அதன் பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

“தம்பி, என்ன கொடுத்தீர்கள்? எத்தனை வேளை?” என்று கேட்டார். என் சட்டத்தையும் அதற்கு ஆதாரமான அதிகாரத்தையும் சொன்னேன். அவர் சிரித்தார். “குறளில் பிழையில்லை. முன் உண்டது இதற்கு எப்போதோ செரித்துவிட்டது, அதைத்தான் நீங்கள் அறியவில்லை” என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். சிற்றினக் குட்டியின் ஈரலில் சேமிப்பாக இருக்கும் சர்க்கரை மிகக் குறைவு. எடைக்கு எடை பார்த்தால் அதற்குப் பெரிய நாயைவிட அதிக ஆற்றல் வேண்டும். நெடுநேரம் பட்டினி கிடந்தால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கி உயிருக்கே ஆபத்தாகும். எனவே மூன்று மாதம் வரை நாளைக்கு 4 வேளை, ஆறு மாதம் வரை 3 வேளை, அதன் பின் 2 வேளை உணவு. பால்குடி மறந்த குட்டிகள் பலவற்றுக்குப் பசும்பாலில் உள்ள சர்க்கரை செரிப்பதில்லை. வெங்காயமும் பூண்டும் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும். எங்கள் சாம்பாரிலோ பாதிக்குப் பாதி சின்ன வெங்காயம்! திராட்சை, சாக்லேட், சிம்பு சிம்பாக உடையும் வெந்த கோழி எலும்பு ஆகியவையும் ஆகா.

குட்டிகளுக்கென்றே சத்துகளைச் சமன்செய்து விற்கும் சிறுமணித் தீவனம் கொடுக்கலாம். வீட்டுச் சமையல்தான் என்றால் உப்பும் காரமும் இன்றி வேகவைத்த கோழிக்கறி, குழைந்த சோறு, கொஞ்சம் கேரட் கொடுக்கலாம். ஆனால் வளரும் எலும்புக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்து அதில் போதாது. அதை மருத்துவர் சொல்லும் அளவில் சேர்க்க வேண்டும். எதற்கு மாறினாலும் ஒரே நாளில் மாறாமல், ஒரு வார காலத்தில் சிறிது சிறிதாக மாற வேண்டும்.

இப்போது பஞ்சுவுக்கு ஐந்து மாதம். நாளைக்கு 3 வேளை உணவு. அப்பத்தாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. வேளை தவறாமல் சாப்பிடுங்கள் என்று நாங்கள் எத்தனையோ முறை மன்றாடியும், எல்லோரும் உண்ட பின்பே உண்பது அவர் வழக்கம். இன்று பஞ்சுவின் கிண்ணம் நிறையும்போதெல்லாம் அவர் தட்டும் நிறைகிறது. “அது ஒத்தையில திங்காதுய்யா” என்கிறார்.

குறளை ஒப்பிக்க எனக்குத் தெரிந்திருந்தது. எதிரே இருந்த வயிற்றைப் பார்க்கத்தான் தெரியவில்லை. வரும் தேர்வில் ‘மருந்து’ அதிகாரத்திலிருந்து வினா வந்தால், இம்முறை பொருள் அறிந்தே எழுதுவேன்.