கிளைவ் கட்டிய மாளிகையில் ஒரு பிரசவம்

ராபர்ட் கிளைவை நம்ம எல்லாருக்கும் தெரியும். 1744ல் மதராசுக்கு குமாஸ்தாவா வந்தவர். 1751 ஆற்காடு முற்றுகை, அப்புறம் பிளாசி. பள்ளிக்கூடத்துலயே படிச்சிருப்போம்.

இந்தியாவுல சேர்த்த பணத்துல அவர் இங்கிலாந்துல ஒரு மாளிகை கட்டினார். பேரு கிளேர்மான்ட். லண்டனுக்குத் தென்மேற்கே, சர்ரே மாவட்டத்துல எஷர்ங்கற ஊர்ல இருக்கு.

அந்த இடத்துல முதல்ல வீடு கட்டினவர் ஜான் வான்பரு. நாடக ஆசிரியர், கட்டடக் கலைஞர். 1714ல் அதை கிளேர் பிரபுவுக்கு வித்தார். கிளேர்மான்ட்ங்கற பேர் வந்தது அப்படித்தான்.

1769ல் கிளைவ் அதை வாங்கினார். பள்ளமான இடம், ஒரே ஈரம். பழைய வீட்டை இடிச்சுட்டு, மேட்டுல புதுசா கட்டச் சொன்னார். கட்டினவங்க, தோட்டக் கலையில பேர் பெற்ற கேப்பபிலிட்டி பிரவுனும் அவரோட மருமகன் ஹென்றி ஹாலண்டும்.

வெளிர் நிற செங்கல். முன்னாடி அகலமான படிக்கட்டு, மேல பெரிய தூண்கள் தாங்குற முகப்பு. வேலைக்காரங்க புழங்குற பகுதியை அடித்தளத்துல வச்சு, அதுக்கு சுரங்கப்பாதையும் போட்டாங்க. எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் மாளிகை மட்டும்தான் தெரியணும்!

ஆனா கிளைவ் அங்க வாழ்ந்து அனுபவிக்கல. 1774ல் லண்டன்ல இறந்துட்டார்.

இனி வர்றதுதான் என் துறை சார்ந்த கதை.

1816ல் இளவரசி சார்லட்டுக்கும் லியோபோல்டுக்கும் கல்யாணம். பிற்காலத்துல பிரிட்டன் ராணியா வரவேண்டிய பொண்ணு அவங்க. தம்பதி குடியிருக்க கிளேர்மான்ட்டை அரசாங்கமே வாங்கிக் கொடுத்துச்சு.

1817 நவம்பர் 3ந் தேதி சாயங்காலம் பனிக்குடம் உடைஞ்சது. முதல் பிரசவம். கவனிச்சவர் சர் ரிச்சர்ட் கிராஃப்ட், அன்னைக்கு பேர் பெற்ற மகப்பேறு மருத்துவர்.

கர்ப்பப்பை வாய் முழுசா திறக்கவே சுமார் 26 மணி நேரம். அதுக்கப்புறம் குழந்தை வெளிய வர இன்னொரு 24 மணி நேரம்!

ஆயுதம் போட்டு எடுக்கத் தெரிஞ்ச டாக்டரும் அதே மாளிகையிலதான் இருந்தார். ஆனா போடல. இயற்கையா நடக்கட்டும்னு காத்திருக்கறதுதான் அந்தக் காலத்து வழக்கம்.

5ந் தேதி ராத்திரி ஆண் குழந்தை பிறந்துச்சு. உயிர் இல்ல. நஞ்சுக்கொடியைக் கையால எடுக்க வேண்டியிருந்துச்சு. 6ந் தேதி விடியறதுக்குள்ள சார்லட்டும் இறந்துட்டாங்க. வயசு 21. ரத்தப்போக்குதான் காரணமா இருக்கும்னு பின்னாடி ஆராய்ஞ்ச மருத்துவர்கள் பலர் சொல்றாங்க.

மூணு மாசம் கழிச்சு, 1818 பிப்ரவரியில, கிராஃப்ட் துப்பாக்கியால சுட்டுத் தற்கொலை பண்ணிக்கிட்டார். தாய், பிள்ளை, டாக்டர். ஒரே பிரசவத்துல மூணு உயிர்.

வாரிசு இல்லாம போனதால சார்லட்டோட சித்தப்பாக்கள் அவசர அவசரமா கல்யாணம் பண்ணிக்கிட்டாங்க. அதுல ஒருத்தருக்கு 1819ல் பிறந்த பொண்ணுதான் விக்டோரியா மகாராணி.

1853ல் விக்டோரியாவோட பிரசவத்துக்கு ஜான் ஸ்னோ குளோரோஃபார்ம் கொடுத்தார். அப்ப பிறந்த மகனுக்கு லியோபோல்ட்னு பேர் வச்சாங்க. அவர் குடித்தனம் நடத்தக் கிடைச்சதும் இதே கிளேர்மான்ட்தான்.

இன்னைக்கு அந்த மாளிகை ஒரு பள்ளிக்கூடம். தோட்டம் நேஷனல் டிரஸ்ட் கையில இருக்கு.

இதை ஏன் உங்ககிட்ட சொல்றேன்?

எங்க அரசு ஆஸ்பத்திரி பிரசவ வார்டுல சுவர் பெயிண்ட் உரிஞ்சிருக்கும். ஆனா நர்ஸ் கையில பார்ட்டோகிராஃப்னு ஒரு தாள் இருக்கும். வலி, கர்ப்பப்பை வாய் எவ்வளவு திறந்திருக்கு, குழந்தையோட இதயத்துடிப்பு, எல்லாம் நேரத்தோட அதுல குறிப்பாங்க. பிரசவம் இழுத்துக்கிட்டே போனா அந்தத் தாளே காட்டிக் கொடுத்துடும். ஆயுதமா, சிசேரியனா, மேல்சிகிச்சைக்கு அனுப்பறதான்னு அப்பவே முடிவெடுக்கலாம். குழந்தை பிறந்ததும் ஆக்ஸிடோசின் ஊசி போடுவோம், ரத்தப்போக்கைத் தடுக்க. சார்லட்டுக்கு இதுல ஒண்ணுகூட கிடைக்கல.

அதனால பிரசவத்துக்கு இடம் தேடும்போது ஏசி ரூம் இருக்கான்னு கேக்கறதுக்கு முன்னாடி இதைக் கேளுங்க: ராத்திரியில சிசேரியன் பண்ண ஆள் இருக்காங்களா? ரத்தம் உடனே கிடைக்குமா? வீட்டுலயே இயற்கையா பெத்துக்கலாம்னு யாராவது ஆசை காட்டினா, சார்லட் கதையைச் சொல்லுங்க. அவங்களும் வீட்டுலதான் பெத்தாங்க. அது நாட்டுலயே சிறந்த வீடுகள்ல ஒண்ணு.