அன்னை அளித்த அனுமதி

தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில், பேரக்குழந்தைகளைப் பேணுவதற்கென்று ஊரிலிருந்து வந்து சேர்ந்த மூதாட்டி ஒருவர் இருப்பார். எம் இல்லத்தில் 72 வயதான எம் அன்னையார் இருக்கிறார். தஞ்சைத் தரணியில் நடவு வயலில் உழைத்தவர். ஐந்து மக்களைப் பெற்றவர். எந்தப் பேற்றுக்குப் பின்னும் முழுதாக 40 நாள் ஓய்ந்திருந்தவர் அல்லர்.

சென்ற குளிர்காலத்தில் எம் துணைவியார் தயங்கித் தயங்கி ஒரு செய்தி சொன்னார். அன்னையாருக்குக் கருப்பை இறங்கி வெளியே தெரிகிறது என்றார். ஓராண்டு ஈராண்டு அன்று, 11 ஆண்டுகள்! துணி வைத்துக் கட்டிக்கொண்டு, நீர் பிரியாத வேளைகளில் கையால் மேலே தள்ளிவிட்டுக்கொண்டு, எவரிடமும் சொல்லாமல் காலம் கழித்திருக்கிறார். எம் மக்கள் இருவரும் அவர் மடியில் வளர்ந்தது அந்த ஆண்டுகளில்தான். எம் கண்கள் இத்தனை நாள் எங்கே போயின என்று வெட்கித் தலைகுனிந்தோம்.

மத்திய அரசு சுகாதாரத் திட்ட அட்டையைக் காட்டிப் பரிந்துரை பெற்று, மருத்துவக் கல்லூரியோடு இணைந்த மருத்துவமனை ஒன்றில் அவரைச் சேர்த்தோம். மறுநாட் காலை மூத்த மருத்துவ அம்மையார் மாணவிகள் சூழ வந்தார். துணைவியார் அப்போது அங்கில்லை. அன்னையாருக்கோ இந்தி தெரியாது. மொழிபெயர்க்கும் கடமை எம் தலைமேல் விழுந்தது. இருபது ஆண்டுகளாகக் கோப்புகளில் இருமொழியிலும் குறிப்பெழுதிய எமக்கு, பெற்ற தாயிடம் ‘கருப்பை’ என்னும் ஒரு சொல்லைச் சொல்ல நா எழவில்லை.

அம்மையார் எம் நிலையை உணர்ந்தார் போலும். தலையணை அருகே கிடந்த அன்னையாரின் சுருக்குப்பையை எடுத்துத் தலைகீழாகப் பிடித்து விளக்கினார். வயிற்றைக் கீற வேண்டுவதில்லை. முதுகுத்தண்டில் மருந்து செலுத்தி, பிறப்புவழியாகவே கருப்பையை எடுத்துவிடலாம். முதலில் சிறுநீர்ப்பையை மேலே ஒதுக்க வேண்டும். பின்பு, கருப்பையைத் தாங்கும் நார்களையும் இரத்தக்குழாய்களையும் கீழிருந்து மேலாக, இருபுறமும், பற்றி, வெட்டி, கட்ட வேண்டும். மீண்டும் இறக்கம் நேராவண்ணம் அந்த நார்களோடே உச்சிப்பகுதியைப் பிணைத்துவிட வேண்டும். முதியோரின் கருப்பை சுருங்கிச் சிறுத்து, தானே கீழிறங்கியும் இருப்பதால், படிகளைச் சுருக்கி எளிய ஒழுங்கில் கற்பிக்க ஏற்றது என்றார். ஒருபுறத்தை ஆசிரியர் கட்டிக் காட்டுவார். மறுபுறத்தை மாணவி கட்டுவாள். “உங்கள் தாயார் இதற்கு இசைவாரா?” என்று வினவினார்.

பிற்பாடு யாம் படித்தறிந்த வரலாறு ஒன்றுண்டு. 1813-ஆம் ஆண்டில் செருமனியின் கோட்டிங்கன் நகரில் லாங்கன்பெக் என்பார் இவ்வழியே கருப்பையை அகற்றினார். உடன் நின்று கண்டு சான்று கூறுவார் இல்லாமையால் சக மருத்துவர்கள் நம்பவில்லை. 1839-இல் அப்பெண்மணி இறந்தபின் உடலை ஆய்ந்தபோதே உண்மை வெளிப்பட்டது. குறுகிய இடத்தில், செய்பவர் கண்ணுக்கு மட்டுமே புலப்படும் வேலை இது. அருகில் நின்று பார்த்து, கை வைத்துப் பழகினாலன்றி இக்கலை அடுத்தவர்க்குச் செல்லாது.

அம்மையாரின் வினாவை எவ்வாறோ தமிழில் சொல்லி முடித்தோம். 11 ஆண்டுகள் பெற்ற மக்களுக்கும் மறைத்ததை அன்னியர் பலர் காண அன்னையார் ஒப்புவாரா? மறுத்துவிடுவார் என்றே நினைத்தோம். மறுக்கட்டும் என்றுகூட எம் உள்ளத்தின் ஒரு மூலை விரும்பியது. அவரோ அந்த இளம் மாணவியைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார்.

“எனக்கு நாத்து நடக் கத்துக்கொடுத்தவங்க என் மாமியார். முதல் வருசம் நான் நட்டதெல்லாம் கோணல். பக்கத்திலேயே நின்னு திருத்தினாங்க. இந்தப் பொண்ணும் கத்துக்கட்டும் தம்பி. ஆனா, பெரிய டாக்டரம்மா பக்கத்தை விட்டு நகரக் கூடாதுன்னு சொல்லு.”

யாம் சொன்னோம். அம்மையார் கைகூப்பினார்.

அறுவை நலமே முடிந்தது. மறுநாள் அன்னையார் எழுந்து நடந்தார். வீடு திரும்பும் நாளில் அம்மாணவி வந்து அவர் பாதம் தொட்டு வணங்கினாள். இருவருக்கும் பொதுமொழி இல்லை. இருந்தும் நெடுநேரம் கைபற்றி அமர்ந்திருந்தனர்.

சங்கத்து அன்பர்களே, எல்லார்க்கும் அறுவை வேண்டுவதில்லை. சிலருக்குப் பயிற்சியே போதும். சிலருக்கு உள்ளே வைக்கும் வளையம் போதும். ஆயினும் சொன்னால்தானே எதுவும் நடக்கும்? நும் இல்லத்து மூதாட்டியை இன்றே தனியே அமர்த்தி, வீட்டுப் பெண்டிர் வாயிலாகக் கேளுங்கள். நாணம் தடுத்தால், யாம் நாவெழாது நின்ற அக்காலைப் பொழுதை நினைந்துகொள்ளுங்கள்.