தண்டும் வேர்விடும்

நம் அடுக்களைகளில் தக்காளி இடம்பெறாத நாள் இன்று அரிது. குழம்பு, இரசம், தொக்கு என எதைச் சமைத்தாலும் அது வந்து சேர்ந்துகொள்கிறது. ஆயினும் இம்மண்ணுக்கு அது பிற்காலத்தில் வந்த விருந்தே. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைப்பகுதி அதன் தாயகம். மெக்சிகோவில் பயிராகி, 16ஆம் நூற்றாண்டில் ஸ்பானியர் வழியாக ஐரோப்பாவை அடைந்து, அதன் பின்னரே கடல் கடந்து நம்மிடம் வந்தது. இங்கு முன்பே இருந்த மணத்தக்காளியின் பெயரை இரவல் பெற்றுச் 'சீமைத் தக்காளி' எனப்பட்டது. நாளடைவில் 'சீமை' உதிர்ந்துபோயிற்று. வந்தவள் வீட்டுக்காரி ஆகிவிட்டாள்.

திண்டுக்கல் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றில் என் தங்கையின் இல்லம் உள்ளது. கடந்த கார்த்திகையில் ஒருநாள் அங்குத் தங்கும் வாய்ப்புக் கிட்டியது. வீட்டின் பின்புறம் இரண்டு சென்ட் அளவில் ஒரு கொல்லை. ஒரு முருங்கை, ஒரு கறிவேப்பிலை, பாத்திரம் கழுவிய நீரை உண்டு வளரும் இரண்டு வாழைகள், ஓர் அவரைப் பந்தல். வேலியோரத்தில், பறவைகளின் தயவால் தானே முளைத்த மணத்தக்காளி. அன்று தங்கை தக்காளி நட நாள் குறித்திருந்தாள். 25 நாள் வயதுடைய 12 நாற்றுகள் ஒரு பழைய தட்டில் காத்திருந்தன. பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி தந்த பி.கே.எம். 1 இரகம் அது. அன்னஞ்சி என்னும் உள்ளூர்த் தக்காளியிலிருந்து உருவாக்கப்பட்டது.

காலையில் குழி எடுத்து, மக்கிய சாணமும் சிறிது வேப்பம்பிண்ணாக்கும் இட்டோம். ஓரத்தில் செண்டுமல்லி நாற்றுகளை வைத்தாள். அவற்றின் வயது 40 நாள். "பூச்செடி மூத்ததா இருக்கணும் அண்ணே. தக்காளி பூக்குறப்ப இதுவும் பூத்து நிக்கணும். அப்பத்தான் காய்ப்புழுப் பூச்சி இதுல வந்து முட்டை வைக்கும்" என்றாள். தங்கைக்கு வரும் இடரைத் தமக்கை ஏற்றுக்கொள்வது போன்ற ஏற்பாடு. இதைத் தன் மகனிடம் கற்றதாகவும் சொன்னாள்.

அந்த மகன் காலையில் கொல்லைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு. மூன்று ஆண்டுகளுக்கு முன் அவன் ஓர் ஏக்கரில் தக்காளி பயிரிட்டிருந்தான். விளைச்சலில் குறையில்லை. பழம் சிவந்த வேளையில் விலை சரிந்தது. 14 கிலோ கொண்ட பெட்டிக்குக் கிடைத்த தொகை பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும் போதவில்லை. பறித்தால் மேலும் நட்டம் என்று, பழத்தோடு செடிகளை ஆடுகளுக்கு விட்டுவிட்டான். ஆடுகள் மேய்ந்து முடித்தன, கடன் நின்றது. நிலத்தைக் குத்தகைக்குக் கொடுத்துவிட்டு, இப்போது நூற்பாலைக்கு வேலைக்குச் செல்கிறான்.

வெயில் தாழ்ந்த பின் நடவு தொடங்கிற்று. ஆலையிலிருந்து திரும்பிய மருமகன் பின்கட்டுப் படியில் அமர்ந்திருந்தான். "நீயும் வாயேன். நடுவதே ஒரு நம்பிக்கைதானே" என்றேன். அவன் சினமின்றிச் சொன்னான்: "12 செடி நட நம்பிக்கை போதும் மாமா. 12,000 செடி நடக் கடன் வேணும்." நான் மறுமொழி கூறவில்லை. நம்பிக்கையைப் பற்றிப் பேசுவோர் கடனைப் பற்றியும் பேசவேண்டும் என்பது நியாயம்தானே!

சற்று நேரத்தில் அவனே எழுந்து வந்தான். தாய் நட்ட விதம் அவனுக்குப் பொறுக்கவில்லை போலும். நாற்றை வாங்கி, அடியிலைகளைக் கிள்ளிவிட்டு, தண்டின் பாதிவரை மண்ணுக்குள் இறக்கினான். "ஆழமா வைக்கணும்மா. மண்ணுக்குள்ள போன தண்டும் வேர்விடும்." தக்காளியின் இயல்பு அது. ஈரமண் தொட்ட இடத்தில் தண்டே வேராகத் தழைக்கும். வேர் பெருகப் பெருகச் செடி நிலைத்து நிற்கும். 12 நாற்றுகளையும் அவனே நட்டு முடித்தான். நீர் வார்க்கையில் மேலும் சொன்னான்: "காய்ச்சலும் பாய்ச்சலும் நெல்லுக்குச் சரி. இதுக்கு ஈரம் ஒரே சீரா இருக்கணும். இல்லேன்னா காயோட அடி கறுத்து அழுகிப்போயிடும். பூ வந்தா மருந்து அடிச்சிடாதீங்க, வண்டு வராது." வண்டு பூவைப் பற்றி ரீங்கரிக்கும் அதிர்வில்தான் தக்காளியின் மகரந்தம் நன்றாக உதிர்கிறது.

நிலம் கைமாறிவிட்டது, அறிவு இன்னும் அவன் கையில் இருக்கிறது. ஆனால் எத்தனை காலத்துக்கு? ஓர் உழவன் ஒரு பயிரைக் கைவிடும்போது, இந்த நுட்பங்களும் அவனோடு ஆலைக்குச் சென்றுவிடுகின்றன. அவன் பிள்ளைக்கு அவை எட்டுவதில்லை.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைக் கடந்தபோது நாடெங்கும் அதுவே பேச்சாயிற்று. சென்னையில் நியாயவிலைக் கடைகளில் அரசே கிலோ 60 ரூபாய்க்கு விற்றது. ஏழையின் அடுப்புக்கு அது வேண்டிய உதவியே. ஆனால், விலை வீழ்ந்து பழம் வயலிலேயே அழுகும் நாளில் அத்தகைய பேச்சு எழுவதில்லை. நாளிதழின் ஓரத்தில் ஒரு படத்தோடு அத்துயரம் முடிந்துபோகிறது.

கொல்லைத் தோட்டம் இந்த அநீதியைத் தீர்த்துவிடாது. 12 செடிகளால் எந்தக் கடனும் அடையாது. ஆயினும் நட்ட நாள் முதல் பழம் பறிக்கும் நாள்வரை ஏறத்தாழ 70 நாள் காத்திருந்தவர், ஒரு கிலோவுக்குள் எத்தனை விடியல்கள் அடங்கியிருக்கின்றன என்பதை அறிவார். அன்பர்களே, ஒரு மண்தொட்டியிலேனும் இரண்டு செடிகள் நட்டுப் பாருங்கள். கட்டுப்படியாகும் விலையும், மிஞ்சும் பழத்தைக் கூழாக்கிக் காக்கும் ஆலையும் வேண்டுமென்று உழவர் கேட்கும்போது, அவர் பக்கம் நிற்க நமக்கு அந்த 70 நாள்கள் சொல் தரும்.