எட்டேகால் அடி

எங்கள் வீட்டு கார் ஷெட்டின் உயரம் பிளானில் 9 அடி. மாடியைத் தாங்கும் பீம் ஒன்று குறுக்கே ஓடுகிறது. அதற்கடியில் டேப் வைத்து அளந்தால் எட்டேகால் அடிதான். ஆம்பூரில் சந்துக்குள் கட்டிய வீட்டுக்கு இதுவே தாராளம். கட்டியவர்கள் காரை நிறுத்த யோசித்தார்களே தவிர, தூக்க யோசிக்கவில்லை.

நான் தூக்க யோசித்தேன். பழைய மாருதி 800 ஒன்றை வாங்கி, சனி ஞாயிறுகளில் நானே பிரித்துப் பூட்டிக்கொண்டிருக்கிறேன். ஜாக்கி போட்டு, மல்லாந்து படுத்து, கண்ணில் துரு கொட்ட வேலை செய்ததெல்லாம் போதும் என்று ஒரு கட்டத்தில் தோன்றியது. லிஃப்ட் வைக்கலாம் என்று கணக்குப் போட்டேன். பெரிய ஒர்க்‌ஷாப்களில் நாம் பார்க்கிற இரண்டு தூண் லிஃப்ட், மேலே குறுக்குச் சட்டம் வைத்த வகையென்றால் 11, 12 அடி கேட்கும். சட்டம் தரையோடு போகிற வகையிலும் தூண் மட்டுமே ஏறக்குறைய 9 அடி. எங்கள் பீம் இரண்டையும் விடாது.

தெருமுனையில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் பாய் ஒரே வரியில் முடித்துவிட்டார். “மேல எடம் இல்லன்னா கீழ போ தம்பி. அஞ்சடிப் பள்ளம் எடு, மேல பலகை போடு. ரெண்டு நாள் வேலை. லிஃப்ட்டுக்கு இன்னாத்துக்கு இவ்ளோ காசு?”

சரியாகத்தான் இருந்தது. பாய் ஷெட்டிலும் பள்ளம்தான். ஊரில் பாதி ஷெட்டுகளில் பள்ளம்தான். வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா டிவியை அணைத்தார். “குழி வேணாம்.” அவ்வளவுதான். காரணம் கேட்கவில்லை. எனக்கே தெரியும்.

அப்பா டேனரியில் முப்பது வருடம் வேலை பார்த்தவர். நான் ஸ்கூலில் படித்த காலத்தில் அங்கே கழிவுநீர்த் தொட்டிக்குள் அடைப்பெடுக்க ஒருவர் இறங்கினார். சத்தமில்லை. என்ன ஆச்சு என்று பார்க்க இன்னொருவர் இறங்கினார். மூன்றாவதாக இறங்கப் போனவர் அப்பா. பின்னாலிருந்து யாரோ பனியனைப் பிடித்து இழுத்ததில் அது கிழிந்துபோனது. இறங்கிய இரண்டு பேரும் உயிரோடு திரும்பவில்லை. கிழிந்த அந்த பனியனை அம்மா ரொம்ப நாள் தூக்கிப் போடவில்லை.

அதன் வேதியியல் எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் விளங்கியது. தோலிலிருந்து முடியை எடுக்க சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அது காரத் தண்ணீராக இருக்கும்வரை சல்பைடு உள்ளேயே கிடக்கும். அடுத்த கட்ட வேலையிலிருந்து வரும் அமிலத் தண்ணீர் அதோடு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடாகக் கிளம்பிவிடும். காற்றைவிடக் கனமான வாயு, பள்ளத்தில் தங்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும். அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. ஆள் அதைப் பார்த்து, “ஒண்ணுமில்லப்பா” என்று நம்பி இறங்குவான்.

கார் பள்ளத்தில் சல்பைடு கிடையாது. ஆனால் பெட்ரோல் ஆவி காற்றைப்போல மூன்று நான்கு மடங்கு கனம். சமையல் கேஸும் காற்றைவிடக் கனம்தான். இரண்டும் தாழ்வைத் தேடிப் போய்த் தங்கும். அங்கே ஒரு கை விளக்கின் ஒயர் பொறி தட்டினால் போதும்.

எங்கள் பக்கத்தில் பள்ளம் என்ற சொல்லுக்குக் கனம் அதிகம். 2015 ஜனவரி 31 அதிகாலை ராணிப்பேட்டை சிட்கோவில், தோல் கழிவுச் சேறு தேக்கிய தொட்டியின் சுவர் இடிந்து 10 பேர் இறந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்தவர்கள். அவர்கள் எந்தத் தொட்டிக்குள்ளும் இறங்கவில்லை.

அதற்கும் முன்பே, 1996 ஆகஸ்ட் 28 அன்று, பாலாற்றங்கரை டேனரிகள் பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் முன்னெச்சரிக்கைக் கோட்பாட்டை இந்தியச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. வேலூர் குடிமக்கள் நலப் பேரவை தொடுத்த வழக்கு அது. ஆபத்து உண்டா என்று அறிவியல் முழுசாக நிரூபிக்கும்வரை காத்திருக்காதே. ஆபத்தில்லை என்று காட்டவேண்டியது செய்கிறவன் பொறுப்பு. சட்டக் கல்லூரிகளில் இந்தியா முழுக்கப் படிக்கிறார்கள். எங்கள் வீட்டில் அது “குழி வேணாம்” என்ற இரண்டே சொல்.

1925இல் அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பீட்டர் லுனாட்டி என்ற மெக்கானிக் ஹைட்ராலிக் கார் லிஃப்டைச் செய்தார். சலூன் நாற்காலி ஏறி இறங்குவதைப் பார்த்து வந்த யோசனை என்பார்கள். மனுஷன் கீழே போவதற்குப் பதில் வண்டி மேலே போகட்டும். எளிய யோசனைதான், ஆனால் அதற்குக் காசு வேண்டும். பள்ளத்துக்கு ஆள் போதும்.

கடைசியில் கத்தரிக்கோல் போல விரியும் குட்டை லிஃப்டை வாங்கினேன். கார் 1.4 மீட்டர், லிஃப்ட் தூக்குவது 1 மீட்டர். பீமுக்கும் கார் கூரைக்கும் நடுவே ஒரு சாண்கூட இல்லை, ஆறு விரற்கடை. நிமிர்ந்து நிற்க முடியாது, சக்கரம் வைத்த ஸ்டூலில் உட்கார்ந்து வேலை செய்யலாம். பானட்டைத் திறக்க வண்டியை இறக்கியாக வேண்டும். அடிப்பாகத்தின் நடுவை லிஃப்டே மறைத்துக்கொள்ளும். வீட்டுத் தரை டைல்ஸுக்கடியில் மெலிசான ஜல்லிக் கலவைதான், போல்ட் பிடிக்காது. உடைத்துவிட்டு ஆறு அங்குலத்துக்குக் கம்பி கட்டி கான்கிரீட் போட்டு, 28 நாள் காத்திருந்தோம். தினமும் தண்ணீர் ஊற்றியது அப்பா. வண்டியைத் தூக்கியதும் சற்றே இறக்கி, இரும்புப் பல்லில் உட்காரவைத்த பிறகுதான் அடியில் போகவேண்டும். எடையை எண்ணெய் தாங்கக் கூடாது, இரும்பு தாங்கவேண்டும்.

பாய் பார்க்க வந்தார். அவர் ஷெட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, 15 அடிக்குக் குறையாது. எந்த லிஃப்டும் நிற்கும். ஆனால் வாடகை இடம். பள்ளம் அவர் வருவதற்கு முன்பே இருந்தது. தரையை உடைத்து போல்ட் அடிக்க ஓனர் சம்மதிக்கமாட்டார், சம்மதித்தாலும் காசில்லை. “எனக்கு முட்டி போச்சு தம்பி. இப்பல்லாம் பையன்தான் எறங்கறான்” என்றார். பையனுக்குப் பதினெட்டு இருக்கும்.

உயரம் பற்றித்தான் இத்தனை கணக்கும் போட்டேன். ஆனால் உயரம் இருக்கிற இடத்தில்தான் ஆள் இறங்கிக்கொண்டிருக்கிறான். டேனரியிலும் அப்படித்தான், கூரைகள் உயரமானவை.

இப்போது வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்ததும் சின்ன வண்டி, பிரேக் வேலை ஏதாவது இருந்தால் பாய் எங்கள் ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு வருகிறார். வாடகை பேசவில்லை. அவரே ஸ்டூலில் உட்கார்ந்து பார்க்கிறார். பையன் பக்கத்தில் ஸ்பேனரோடு நிற்கிறான்.