தரையின் குற்றம்

ஐப்பசி 4

இன்று குழாயில் தண்ணீர் வரும் நாள். திண்டுக்கல்லில் தண்ணீர் தினந்தோறும் வருவதில்லையாதலால், வருகிற நாளில் குடம், அண்டா, தொட்டி, டிரம் யாவற்றையும் நிரப்பிவிட வேண்டுமென்ற அவசரத்தில் வாசற்படி முதல் கொல்லைப்புறம் வரை வீடு முழுவதும் ஈரமாகிவிடுகிறது. அந்த ஈரத்தில்தான், எங்கள் தெருவார் அனைவருக்கும் அப்பத்தாவாகிய, எண்பதைக் கடந்த அம்மையார் இன்று காலை வழுக்கி விழுந்தார். ஓடிவந்து தூக்கிய ஒவ்வொருவரும் தூக்கும்போதே, "பாத்து நடக்கக் கூடாதா அப்பத்தா?" என்றார்கள். வலி பொறுக்காமல் முனகிக்கொண்டிருந்த அந்த அம்மையாரும், "எல்லாம் எம் புத்தி மட்டுதாய்யா" என்று தம்மையே நொந்துகொண்டார். அவர் விழுந்த இடத்தில் தேங்கியிருந்த தண்ணீரைத் துடைக்க வேண்டுமென்று அரைமணி நேரம் வரை எவருக்கும் தோன்றவில்லை. விழுந்தவரை விசாரித்து, விழவைத்த தரையை விசாரியாமல் விட்டுவிடும் இந்த வழக்கம் எப்படி நம்மிடம் ஊறிப்போயிற்று என்ற எண்ணம் நாள் முழுவதும் மனத்தை விட்டகலவில்லை.

ஐப்பசி 6

அப்பத்தாவைப் பார்க்கப் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பெற்ற பிறகு, எலும்பு முறிவு போன்றவற்றின் சிகிச்சைக்காக மதுரைக்கு ஓட வேண்டிய நிர்ப்பந்தம் எங்கள் ஊராருக்குக் குறைந்திருக்கிறது. அப்பத்தாவுக்குத் தொடையெலும்பின் கழுத்து முறிந்திருக்கிறது. நாட்டுக் கட்டுப் போட்டால் போதுமென்று உறவினரில் ஒரு சாரார் வாதாட, எலும்பு வைத்தியர் சினங்கொள்ளாமல் விளக்கினார்: அந்த இடத்தில் முறிந்தால் எலும்பின் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைப்படுவதால் அது தானாகக் கூடுவது அரிது; கூடுமென்று காத்திருந்து மாதக்கணக்கில் படுக்க வைத்தாலோ, படுக்கைப்புண்ணும் நுரையீரலில் சளிக்கட்டும் காலில் இரத்தக்கட்டும் வந்து, முறிவு கொல்லாத உயிரைப் படுக்கை கொன்றுவிடும்; ஆகவே கூடிய சீக்கிரம் அறுவைச் சிகிச்சை செய்து, அடுத்த நாளே எழுப்பி நிறுத்துவதுதான் உபாயம்.

விருத்தாப்பியத்தில் விழுவது ஏன் இத்தனை கொடியதாகிறது என்று அவரிடம் கேட்டேன். அவர் சொன்ன விளக்கம் இது: நாம் நடக்கையில் குதிகாலே முதலில் தரையைத் தொடுகிறது. அங்கே மெல்லிய நீர்ப்படலமோ எண்ணெயோ சோப்புநுரையோ இருந்தால், குதிகால் முன்னே சறுக்க, உடல் பின்னே சாய்கிறது. வாலிபன் ஒரு க்ஷணத்தில் கையை ஊன்றி மணிக்கட்டை முறித்துக்கொள்வதோடு தப்புகிறான்; கை வேகம் குறைந்த முதியவரோ, தசை வற்றி எலும்பு தேய்ந்த இடுப்பின்மீதே தேகபாரம் முழுவதையும் ஏற்கிறார். கண்ணில் புரை, எழுந்து நின்றவுடன் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குதல், தூக்க மாத்திரையின் மயக்கம், இரவில் சிறுநீர் கழிக்க இருட்டில் நடப்பது ஆகிய அனைத்தும் இதனோடு சேர்ந்துகொள்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, உலகில் ஆண்டொன்றுக்கு விழுந்து மடிவோர் சுமார் 6,84,000 பேர். எதிர்பாராக் காயங்களால் நேரும் மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த ஸ்தானம் இதற்குத்தான். சாலை விபத்தைச் செய்தியாக்கும் நாம் குளியலறை விபத்தைக் குடும்பத்துக் கஷ்டமாக எண்ணி மறைத்துவிடுகிறோம்.

ஐப்பசி 13

எங்கள் ஊர் பேகம்பூர்ப் பக்கம், நெடுங்காலம் தோல் ஷாப்பில் உழைத்து ஓய்ந்த ஒரு பெரியவரோடு பேசிக்கொண்டிருந்தேன். உப்பிட்ட தோலை நீரில் ஊறப்போட்டு, சுண்ணாம்புக் குழியில் இறக்கி, மயிரையும் சவ்வையும் நீக்கி, பட்டைச் சாற்றில் பதப்படுத்துகிற அந்தத் தொழிலில் ஈரமில்லாத கட்டம் அநேகமாக இல்லை. கொழுப்பும் சுண்ணாம்பும் மயிரும் கலந்து படிந்த தரையில், நனைந்து கனத்த தோல்களைச் சுமந்துகொண்டு குழிகளுக்கிடையே உள்ள ஒடுங்கிய வரப்பில் வெறுங்காலோடு நடக்க வேண்டும். "வழுக்குனா ஒண்ணு மல்லாக்க விழுகணும், இல்லாட்டி குழிக்குள்ள விழுகணும் தம்பி. எது தேவலைன்னு யோசிக்க நேரமிருக்காது" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னது எனக்குச் சிரிப்பை வரவழைக்கவில்லை. தோல் ஷாப்புத் தொழிலாளர்களின் வாழ்வையும் போராட்டத்தையும் டி. செல்வராஜ் 'தோல்' என்னும் நாவலாக எழுதி, 2012-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றதை வாசகர் அறிவார்கள்.

வீடு திரும்பியதும், 2025 வரை நடப்பிலிருந்த 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தை எடுத்து வைத்துக்கொண்டேன். வேலையின் இயல்பால் தரை நனையுமாயின் நீர் வடிவதற்குத் தக்க வழி அமைக்க வேண்டுமென்றது 11-ஆம் பிரிவு. தரை, படி, நடைவழி யாவும் உறுதியாக அமைந்து, வழுக்கச் செய்யும் பொருள்கள் இன்றி இருக்க வேண்டுமென்றது 32. குழிகளையும் தொட்டிகளையும் மூடவோ வேலியிடவோ வேண்டுமென்றது 33. இவற்றுள் ஓரிடத்திலேனும் 'தொழிலாளி பார்த்து நடக்கக் கடவன்' என்ற வாசகம் இல்லை. அதற்கும் முந்திய 1923-ஆம் ஆண்டின் நஷ்டஈட்டுச் சட்டமோ, வேலையின் நிமித்தம் நேர்ந்த விபத்தாயின், வெறும் கவனக்குறைவைக் காரணங்காட்டி முதலாளி நழுவிவிட இடந்தரவில்லை. மனிதக் கவனம் தளரக்கூடியது, அதை நம்பித் தரையை அமைக்கக் கூடாது என்ற ஞானம் சட்டத்துக்கு அக்காலத்திலேயே இருந்திருக்கிறது.

ஐப்பசி 20

ஒட்டன்சத்திரம் காய்கறி மார்க்கெட். நசுங்கிய தக்காளியும் முட்டைக்கோஸ் இலையும் மழைநீரும் சேர்ந்து குழம்பாகிக் கிடக்கும் வழியில், தலையிலும் முதுகிலும் மூட்டையேற்றிய சுமைப்பணித் தொழிலாளர்கள் லாரிக்கும் கடைக்குமாக விரைந்துகொண்டிருக்கிறார்கள். சுமை தலையிலிருப்பவனுக்குத் தன் பாதம் தெரியாது. தெரியாத பாதத்தைப் பார்த்து வை என்று உபதேசிப்பதில் பொருளில்லை. சந்தை தொழிற்சாலையன்றாகையால் மேற்சொன்ன பிரிவுகள் இங்கே வந்து எட்டிப்பார்த்ததுமில்லை. 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு உடலுழைப்புத் தொழிலாளர் சட்டமும் அதன் வழிவந்த நல வாரியங்களும் விழுந்தபின் நிவாரணம் தேட வழி செய்திருக்கின்றன. அது பெரிய காரியந்தான். ஆனால் விழாமலிருப்பதற்கு வேண்டியவையோ, கழிவைப் போட ஒரு கூடை, மணிக்கொருமுறை நடைவழியைக் கூட்ட ஓர் ஆள், நீர் வடிய ஒரு வாய்க்கால் என்ற அற்பச் செலவுகளே.

ஐப்பசி 28

அப்பத்தா வீடு வந்து சேர்ந்துவிட்டார். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ் வரும் இயன்முறைப் பயிற்சியாளர் காலை மடக்கி நீட்டப் பழக்குகிறார். பயிற்சியைக் காட்டிலும் கஷ்டமாயிருப்பது நான்குகால் வாக்கரைப் பிடிக்கச் சம்மதிக்க வைப்பதுதான். தெருவார் பார்த்தால் என்ன நினைப்பார்களோ என்ற கூச்சம். முழங்கால் முடியாதவர்களுக்காகப் பழனி மலையில் 1966-இல் விஞ்ச் வண்டியும் 2004-இல் ரோப் காரும் ஏற்பட்டன. அவற்றில் ஏறிச் செல்பவரின் பக்தி குறைந்துவிட்டதாக யாரும் சொல்வதில்லை. கைத்தடி பிடித்தவரின் கௌரவம் மட்டும் எவ்வாறு குறையும்? முதுமையைப் பழிப்பாகப் பேசும் நம் நாவே பல பெரியவர்களின் கையிலிருந்து தடியைப் பிடுங்கிக்கொள்கிறது.

கார்த்திகை 3

இவ்வளவும் யோசித்ததன் முடிவை எழுதி வைக்கிறேன். தொழிற்சாலையின் தரையைப் பார்க்கச் சட்டமும் ஆய்வாளரும் உண்டு. சந்தையின் தரைக்கு ஊராட்சியோ நகராட்சியோ என்றேனும் பதில் சொல்லியாக வேண்டும். வீட்டுத் தரைக்கு அதை அமைத்தவர்களே பொறுப்பு. சொரசொரப்பான பழைய தளத்தைப் பெயர்த்துவிட்டு முகம் தெரியும்படி பளபளக்கும் டைல்ஸை ஆசையாய்ப் பதித்தவர்கள் நாம்தாமே! குளியலறையிலேனும் சொரசொரப்பான கல்லைப் பதிக்கலாம். கழிப்பிடத்தருகில், துண்டு போடும் கம்பியாக இல்லாமல், ஆள் பாரம் தாங்கும் கைப்பிடியைச் சுவரில் இறுக்கலாம். படுக்கையிலிருந்து குளியலறை வரை இரவில் ஒரு சிறு விளக்கு எரியட்டும். நழுவும் மிதியடியையும் அடி தேய்ந்த ரப்பர் செருப்பையும் இன்றே எறிந்துவிடலாம். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாயிருக்கட்டும். கண்புரையை நீக்கிக்கொள்வதும், தலைசுற்றல் தரும் மாத்திரையைப் பற்றி வைத்தியரைக் கேட்பதும், படுக்கையிலிருந்து எழும்போது சற்று உட்கார்ந்து பின் நிற்பதும் காசு அதிகம் கேளாத காரியங்கள்.

விழுந்தவர் தொழிலாளியாயினும் சரி, தாயாராயினும் சரி, அவரைக் கடிந்துகொள்ளுமுன் அவர் கால் வைத்த இடத்தைக் குனிந்து பாருங்கள். வீட்டில் அறுபது கடந்தவர் ஒருவர் இருந்தாலும், குளியலறைக் கைப்பிடிக்கு இந்த வாரமே கொத்தனாரிடம் சொல்லிவிடுங்கள்.