வண்டிக்கு அடியில் ஒரு மாலைப் பொழுது

திருப்பூரிலிருந்து பல்லடம் செல்லும் சாலையில் அருள்புரத்தைக் கடந்து போகிறவர்கள், இருமருங்கிலும் நிற்கும் பனியன் கம்பெனிகளையும் சாயப் பட்டறைகளையும் பார்ப்பதோடு சரி. அவற்றின் இடையே, எண்ணெய் ஊறிக் கறுத்த தரையும் தகரக் கூரையுமாக ஒடுங்கி நிற்கும் வாகனப் பட்டறைகளின் மீது கண்ணைச் செலுத்துவது அபூர்வம். ஆயினும் சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் தையற்காரர்களையும் செக்கிங் பெண்களையும் ஏற்றி வந்து, இரவில் திரும்பக் கொண்டுபோய்விடும் கம்பெனி வேன்கள் ஓடுவதும் நிற்பதும் இந்தப் பட்டறைக்காரர்களின் கையில்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட பட்டறை ஒன்றில் ஒரு மாலைப் பொழுதைக் கழிக்கும் சந்தர்ப்பம் எனக்கு வாய்த்தது.

ஐந்து மணி சுமாருக்கு, அடிவயிற்றில் 'டக், டக்' என்ற சப்தத்தோடு ஒரு வேன் உள்ளே வந்து நின்றது. அறுபதை நெருங்கிய மேஸ்திரி, வண்டியைச் சற்று முன்னும் பின்னும் நகர்த்தச் சொல்லிக் காதைக் கொடுத்துக் கேட்டுவிட்டு, கிராஸ் போய்விட்டது என்றார். கியர்ப் பெட்டியிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் நீண்ட தண்டின் முனையில், சிலுவை வடிவில் இருக்கும் இணைப்பைத்தான் கிராஸ் என்கிறார்கள். டிரைவரோ தவித்துக்கொண்டிருந்தார், காலை எட்டரைக்குத் தொடங்கி இரவு எட்டரைக்கு முடிகிற ஒன்றரை ஷிப்ட் நாள் அது, ஷிப்ட் விட்டவுடன் இருபது பேர் கேட்டருகே வந்து நிற்பார்கள்.

"மேஸ்திரிண்ணா, ஜாக்கி போட்டுச் சட்டுன்னு முடிச்சுக் குடுத்துருங்ணா" என்றார் அவர்.

"அரை மணி நேரம் பொறுங்க, அப்பறம் எத்தனை போன் வந்தாலும் வரட்டுமுங்க" என்று சொல்லிவிட்டு மேஸ்திரி ராம்ப்புகளை எடுத்து வரச் சொன்னார்.

அந்த அரை மணி நேரத்தில் ஒரு ஸ்பேனர்கூட ஒரு நட்டின் மீது படவில்லை என்பதைப் பிற்பாடுதான் கவனித்தேன்.

ராம்ப் என்பது ஒரு பக்கம் சரிவும், உச்சியில் சக்கரம் அமர்வதற்கு ஒரு பள்ளமும், அதைத் தாண்டிச் சக்கரம் போய்விடாமல் தடுக்க ஒரு மேடும் கொண்ட இரும்புச் சட்டம். சக்கரத்துக்கு ஒன்றாக ஜோடியாகவே வரும். காலியாக நிற்கும்போதே இரண்டு டன்னுக்கு மேற்பட்ட பாரமுள்ள வேனுக்கு, சிறிய காருக்கென்று செய்த ராம்ப்பை இட்டால் அது நெளியும். ஆகையால் அதன் மேல் பொறித்திருக்கும் பாரக் கணக்கு ஒன்றுக்கா ஜோடிக்கா, வண்டியின் முழு எடைக்கா அல்லது ஒரு அச்சின் மீது இறங்கும் எடைக்கா என்பதைத் தெரிந்துகொள்ளாமல் வாங்கக் கூடாது என்று மேஸ்திரி விளக்கினார். அவர் ஒவ்வொரு பற்றவைப்பையும் விரலால் தடவிப் பார்த்தார். டயரின் அகலம் ராம்ப்பின் அகலத்துக்குள் முழுமையாக அடங்குகிறதா என்று வைத்துப் பார்த்தார். வண்டிக்குள் துணி மூட்டை ஏதும் தங்கியிருக்கிறதா என்று பட்டறைப் பையனை ஏறிப் பார்க்கச் சொன்னார். மூன்று மூட்டை இருந்தது, மூன்றும் இறங்கின.

இங்கே ஒரு சிறிய விஷயம். திருப்பூரின் பனியன் வேஸ்ட்டால் கை துடைக்காத மெக்கானிக் தேசத்தில் அநேகமாக இருக்க மாட்டார். அது பிறக்கும் ஊரிலேயே இருக்கும் இந்தப் பட்டறையில் மூலைக்கு ஒரு குவியல் கிடந்தது. ராம்ப் வழுக்காமலிருக்கப் பையன் அதில் ஒரு கை அள்ளி அடியில் திணிக்கப் போனான். மேஸ்திரி அவனைக் கோபிக்கவில்லை. "துணி சறுக்கும் கண்ணு, ரப்பர் எடுத்தா" என்றார். பழைய கன்வேயர் பெல்ட்டிலிருந்து வெட்டிய இரண்டு துண்டுகள் வந்தன. வழவழத்த சிமெண்டுத் தரையில் சக்கரம் ஏற முயலுகையில் ராம்ப் முன்னால் நழுவி ஓடுவதே இந்த வேலையின் முதல் அபாயம் என்பதால், தரையிலிருந்த எண்ணெயை மண் தூவித் துடைத்த பிறகே ரப்பரும், அதன் மேல் ராம்ப்பும் இடம் பெற்றன.

பின்னர் டிரைவர் முதல் கியரில், பாதிக் கிளச்சில், எறும்பு ஊர்வதுபோல் வண்டியை ஏற்றினார். ஏறுகிறவருக்குச் சக்கரம் தெரியாது. மற்றொருவர் கண்ணாக இருந்து சைகை செய்ய வேண்டும். அந்த மற்றொருவர் வண்டிக்கு நேர் எதிரே நிற்காமல் பக்கவாட்டில் விலகி நிற்க வேண்டும் என்பதில் மேஸ்திரி காட்டிய கண்டிப்பு என் மனத்தில் பதிந்தது. இரண்டு சக்கரங்களும் ஏககாலத்தில் பள்ளத்தில் அமர்ந்தன. கைப்பிரேக் இழுக்கப்பட்டது, எஞ்சின் நின்றது, முதல் கியரிலேயே வண்டி விடப்பட்டது. முன்பக்கம் உயர்ந்த வண்டி பின்னோக்கி உருளப் பார்க்கும் ஆதலால், தரையில் நின்ற பின் சக்கரங்களுக்குப் பின்னால் கட்டை போட்டார்கள். அன்று முன்னாலும் போட்டார்கள். அதன் காரணம் எனக்குப் பின்னரே விளங்கிற்று. சாவியை உருவி மேஸ்திரி தம் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். வண்டியின் கீழே படுக்கிறவன் எவனோ அவனிடம்தான் சாவி இருக்க வேண்டும் என்பது அந்தப் பட்டறையின் வழக்கம்.

இவ்வளவும் ஆன பிற்பாடும் அவர் உள்ளே போகவில்லை. சேஸிஸின் இருபுறமும் இரும்பு ஸ்டாண்டுகளை நிறுத்தினார். ஸ்டெப்னியைக் கழற்றி வண்டியின் பக்கவாட்டில் அடியில் படுக்க வைத்தார். கடைசியில் வண்டியின் மீது தோளைக் கொடுத்துப் பலங்கொண்ட மட்டும் உலுக்கினார். அசையவில்லை.

இத்தனை காபந்து எதற்கு என்று நான் கேட்டதற்கு அவர் சொன்ன பதில், அவருடைய வாலிபத்தில் வேறோர் ஊரில் நடந்த ஒரு சம்பவம். ஜாக்கியால் தூக்கிய காரை ஹாலோ பிளாக் கல்லின் மீது இறக்கிவிட்டு அவர் கீழே படுத்திருந்தார். மரக்கட்டையானால் முறியுமுன் முனகும், பிளவு காட்டும். சிமெண்டுக் கல்லோ எவ்வித எச்சரிக்கையும் தராமல் ஒரே கணத்தில் பொடிந்துவிடும். அன்று கழற்றிய சக்கரம் ஒன்று தற்செயலாக வண்டிக்கடியில் கிடந்தபடியால், கார் அதன் மீது இறங்கி நின்றது. அவர் பிராணன் தப்பியது. "அன்னைக்குத் தற்செயலாக் கெடந்துதுங்க, அப்பறம் ஒரு நாளும் நான் வெக்காம உட்டதில்லீங்க" என்றார். ஜாக்கியைப் பற்றியும் அவருக்கு உறுதியான அபிப்பிராயம் உண்டு: எண்ணெயின் அழுத்தத்தில் நிற்கும் ஜாக்கி, உள்ளேயிருக்கும் ஒரு சிறு ரப்பர் வளையம் தேய்ந்தாலே அமர்ந்துவிடும், அது தூக்குவதற்கு ஏற்பட்டதேயன்றித் தாங்குவதற்கு அல்ல.

நானும் குனிந்து பார்த்தேன். கழற்றுவதற்கு முன், தண்டும் பின் அச்சும் சேரும் இடத்தில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு கோடு கிழித்தார்; திரும்ப மாட்டும்போது கோடு பொருந்தாவிட்டால் தண்டு சமன் கெட்டு அதிரும். நான்கு போல்ட்டுகளையும் கழற்றித் தண்டை இறக்கியபோதுதான் முன் கட்டையின் ரகசியம் புரிந்தது. தண்டு இருக்கும் வரையில் முதல் கியர் பின் சக்கரங்களைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அது கழன்றவுடன் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் சம்பந்தமே அற்றுப்போகிறது. பிறகு வண்டியை நிறுத்துபவை கைப்பிரேக்கின் கம்பியும் அந்த மரக்கட்டைகளுமே. சில பழைய ஜீப்புகளில் கைப்பிரேக்கே அந்தத் தண்டைத்தான் பிடிக்குமாம். அவற்றில் தண்டைக் கழற்றினால் இரண்டு பிடிமானங்களும் ஒருங்கே போய்விடும்.

1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம், மின்சக்தி உபயோகிக்கும் இடத்தில் பத்துப் பேராவது வேலை செய்தால்தான் அதைத் தொழிற்சாலை என்று கொண்டது. அத்தகைய இடங்களில் பாரம் தூக்கும் யந்திரங்களை வருஷத்துக்கு ஒரு முறையேனும் தகுதி பெற்றவர் பரிசோதிக்க வேண்டும் என்றும் விதித்தது. மேஸ்திரி, ஒரு மெக்கானிக், ஒரு பையன் என்று மூவர் மட்டுமே உழைக்கும் இந்தக் கூரையின் கீழ் அந்த விதி எட்டிப் பார்த்ததில்லை. அந்தப் பையனுடைய உயிருக்கு மேஸ்திரியின் சிரத்தையைத் தவிர வேறு ஜவாப்தாரி கிடையாது என்பது எனக்குப் பெரிய மனவேதனையைத் தந்தது. இந்தச் சிரத்தை வாய்க்காத பட்டறைகளிலும் பையன்கள் படுத்துத்தான் இருப்பார்கள்.

கம்பெனியிலிருந்து இதற்குள் மூன்று முறை போன் வந்துவிட்டது. 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் சாயப் பட்டறைகள் மூடப்பட்ட மாதங்களில்தான் வேன்காரர்கள் யாரும் அவசரப்படுத்தவில்லை, அன்றைக்கு வேலையும் இல்லை என்று மேஸ்திரி கீழிருந்தபடியே சொன்னார். புதிய கிராஸைத் தட்டி அமர்த்தி, லாக்குகளைப் போட்டு, கிரீஸ் அடித்து, கோட்டைப் பொருத்தி முடுக்கினார்கள். கியர் எண்ணெயின் அளவைப் பார்த்துவிடட்டுமா என்று கேட்ட பையனை மேஸ்திரி தடுத்தார். முன்பக்கம் தூக்கி நிற்கும் வண்டியில் எண்ணெய் பின்னால் ஒதுங்கி நிற்பதால் அளவு பொய் சொல்லும்.

இறக்குவதற்கு முன் ஸ்பேனர்களை எண்ணினார்கள். ஸ்டெப்னியும் ஸ்டாண்டுகளும் வெளியே வந்தன. அடியில் ஒதுங்கிய நாய் ஏதும் படுத்திருக்கிறதா என்று பையன் தரையில் கன்னம் படக் குனிந்து பார்த்தான். மேஸ்திரி சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து டிரைவரிடம் நீட்டினார். அவர் ஏறி அமர்ந்து பிரேக்கை மிதித்து, "மிதிச்சிருக்கேணுங்க" என்று குரல் கொடுத்த பிறகே கட்டைகள் எடுக்கப்பட்டன. வண்டி பின்வாங்கி இறங்கிச் சமதரைக்கு வந்ததும் கியர் எண்ணெயைப் பார்த்து, கால் லிட்டர் ஊற்றினார்கள். கடிகாரத்தில் எட்டு மணி பத்து நிமிஷம். வேன் பல்லடம் சாலையில் திரும்பியதும், பையன் ராம்ப்புகளைச் சுவரில் சாய்த்து, அவற்றின் பற்றவைப்புகளை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தான்.