நடுவில் நிற்பவர்

2023 அக்டோபர் 28, ஐப்பசிப் பௌர்ணமி. நள்ளிரவு தாண்டிப் பகுதிச் சந்திர கிரகணமும் இருந்தது. ரமணாசிரமத்துக்கு எதிர்ப்புறத் தெருவொன்றில், நியூசிலாந்து நண்பர் ஒருவர் வாடகைக்கு எடுத்திருந்த மாடி அறையில் அமர்ந்திருந்தேன். செங்கம் சாலையிலிருந்து கிரிவலம் செல்வோரின் பேச்சரவம் விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தது.

ஆண்டுதோறும் சில மாதங்கள் இங்கு வந்து தங்குபவர் அவர். காலையிலும் மாலையிலும் ஆசிரமக் கூடத்தில் அசைவற்று அமர்ந்திருப்பார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. அன்றிரவு மடிக்கணினித் திரையை நோக்கிக் கத்தினார். பாரிஸில் ரக்பி உலகக் கோப்பையின் இறுதி ஆட்டம். நியூசிலாந்தும் தென்னாப்பிரிக்காவும் மோதின.

ரக்பி எனக்குப் பழக்கமில்லாத ஆட்டம். அன்று அவர் விளக்கியதையும் பிறகு நான் படித்தறிந்ததையும் கொண்டே எழுதுகிறேன். எதிரணியினரைப் பிடித்து வீழ்த்தலாம், தலையில் இடிக்கலாகாது. நியூசிலாந்துத் தலைவர் சாம் கேன், ஜெஸ்ஸி கிரீல் என்பவரைத் தடுத்தபோது தலையில் மோதினார். முதலில் மஞ்சள் அட்டை. ஒளிப்பதிவை ஆராய்ந்தபின் அது சிவப்பாயிற்று. ஆண்கள் உலகக் கோப்பை இறுதி ஆட்டமொன்றில் ஒருவர் சிவப்பு அட்டை பெற்றது அதுவே முதன்முறை. பிற்பாதியில் தென்னாப்பிரிக்கத் தலைவர் சியா கொலிசியும் எதிராளியின் தலையில் மோதினார். அதையும் ஆராய்ந்தார்கள். மோதலின் கடுமை குறைவு என்று மஞ்சளோடு விட்டார்கள்.

நண்பரை உறுத்தியது வேறொரு நினைவு. அதே தொடரில் செப்டம்பர் 9 அன்று மார்செய் நகரில், இங்கிலாந்தின் டாம் கரி ஆட்டம் தொடங்கிய மூன்றாம் நிமிடத்திலேயே தலைமோதலுக்காக மஞ்சள் அட்டை பெற்று, அது சிவப்பாகி, ஆட்டத்தையே இழந்தார். மறுநாள் அதே மைதானத்தில் ஸ்காட்லாந்து வீரர் ஒருவரின் தலையில் மோதிய தென்னாப்பிரிக்கருக்கு எந்த அட்டையும் இல்லை; பின்னர் விசாரணையும் இல்லை. அவர் வேறு யாருமல்லர், இதே ஜெஸ்ஸி கிரீல்தான்.

இறுதி ஆட்டத்தில் இன்னொன்றும் நடந்தது. நியூசிலாந்தின் ஆரன் ஸ்மித் பந்தை எல்லைக்கோட்டுக்கு அப்பால் ஊன்றினார். அதற்கு வெகுமுன்னர் ஒருவர் கையிலிருந்து பந்து முன்னோக்கி நழுவியதைக் காட்டித் தொலைக்காட்சி நடுவர் அதை ரத்துச் செய்யவைத்தார். பந்து நழுவியது உண்மை. ஆனால் அவ்வளவு தூரம் பின்னோக்கிப் பார்க்க விதி அவருக்கு இடம் தரவில்லை. நியூசிலாந்து 12–11 என்று ஒரே புள்ளியில் தோற்றது. பிழையான தீர்ப்பைக்கூடப் பொறுத்துவிடலாம், இடத்துக்கு இடம் மாறும் தீர்ப்பைத்தான் தாங்க முடியவில்லை என்றார் நண்பர்.

நான் அவருக்கு முத்தையா முரளிதரனைப் பற்றிச் சொன்னேன். கண்டியில் பிறந்த தமிழர். பிறவியிலேயே முழுமையாக நிமிராத முழங்கை. 1995 டிசம்பர் 26 அன்று மெல்போர்னில் நடுவர் டாரல் ஹேர், அவர் பந்தை எறிகிறார் என்று ஏழுமுறை ‘நோ பால்’ அறிவித்தார். அணித்தலைவர் அர்ஜுன ரணதுங்க முரளியை மறுமுனைக்கு மாற்றினார். அங்கே நின்ற நடுவர் ஸ்டீவ் டன். முரளி வீசிய எதிலும் அவர் குற்றம் காணவில்லை. ஒரே நாள், ஒரே மைதானம், ஒரே கை. இருபத்திரண்டு கஜ தூரத்துக்குள் விதி இரண்டாகிவிட்டது. 1999இல் அடிலெய்டில் ராஸ் எமர்சன் மீண்டும் அப்படி அறிவித்தபோது ரணதுங்க அணியை எல்லைக்கோடுவரை அழைத்துச் சென்றுவிட்டார்.

2004இல் ஆய்வாளர்கள் மற்ற வீச்சாளர்களின் கைகளையும் அளந்தார்கள். ஏறத்தாழ எல்லோருமே வீசும்போது முழங்கையைச் சற்று நிமிர்த்துகிறார்கள் என்று தெரிந்தது. அதுவரை சுழற்பந்துக்கு 5 பாகை, வேகப்பந்துக்கு 10 பாகை என்றிருந்த வரம்பு, 2005 மார்ச் முதல் அனைவருக்கும் 15 பாகை என்றாயிற்று. எல்லோரும் மீறிக்கொண்டிருந்த விதிக்கு ஒருவரே குற்றவாளியாக நின்றிருந்தார். 2010இல் காலியில் எண்ணூறாவது விக்கெட்டோடு அவர் டெஸ்ட் ஆட்டங்களிலிருந்து விடைபெற்றபோதும் அந்த ஐயம் சிலரிடம் தீரவில்லை.

இதைச் சொல்லிக்கொண்டிருக்கையிலேயே என் குரல் தணிந்தது. எனக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது.

கல்லூரியில் நூற்றுக்கு எழுபத்தைந்து வருகை வேண்டும். சற்றுக் குறைந்தால் ஆசிரியர் பரிந்துரையும் கட்டணமும் கொண்டு தேர்வெழுத விடலாம்; ‘கண்டொனேஷன்’ என்பார்கள். சில ஆண்டுகளுக்கு முன் இருவர் ஒரே வாரத்தில் என்னிடம் வந்தார்கள். இருவருக்கும் ஏறத்தாழ ஒரே அளவு குறைவு. ஒருவன் பௌர்ணமிதோறும் கிரிவலப் பாதைக் கடையொன்றில் விடிய விடிய வேலை பார்த்து, மறுநாள் வகுப்புக்கு வராதவன். “விதி என்று ஒன்று இருக்கிறதப்பா” என்று அவனை அனுப்பிவிட்டேன். மற்றவனுக்குக் கையெழுத்திட்டேன். இந்த ஊருக்கு நான் புதிதாய் வந்தபோது வீடு பார்த்துக் கொடுத்து, முன்பணத்துக்கும் கைகொடுத்தவரின் மகன் அவன். அந்த நன்றியை நான் காரணமாக எண்ணவில்லை. அவன் தாயின் நோயைத்தான் காரணம் என்று நம்பினேன்.

முதலாமவன் திரும்பி வந்து கேட்டான்: “விதி சரிதாங்க ஐயா. எல்லாருக்கும் அதுதானுங்களா?”

குறளில் செய்ந்நன்றியறிதலை அடுத்து நடுவு நிலைமை வருகிறது. நன்றி செய்தவரை நினைக்குமிடத்து நடுவுநிலை சிதையக்கூடும், அங்கும் சிதையலாகாது என்பதற்காகவே இவ்வாறு வைக்கப்பட்டது என்று பரிமேலழகர் காரணம் கூறுகிறார். எத்தனையோ முறை வகுப்பில் நடத்திய இடம். அதை எனக்குக் கற்பித்தவன் அந்த மாணவன்தான். அவன் அந்தத் தேர்வுகளை அடுத்த ஆண்டு எழுதினான்.

இறுதி ஆட்டத்தின் தொலைக்காட்சி நடுவர் டாம் ஃபோலி, தம்மீதும் குடும்பத்தின்மீதும் பொழியப்பட்ட வசைகளுக்குப் பின் பன்னாட்டு ஆட்டங்களிலிருந்து விலகிக்கொண்டார் என்று பிறகு படித்தேன். அவரைத் திட்ட எனக்கு வாய் எழவில்லை. அவர் தவறு செய்தபோது உலகமே பார்த்துக்கொண்டிருந்தது. என் அறையில் அவனையும் என்னையும் தவிர யாருமில்லை.

அன்று வெளியே வந்தபோது கிரகணம் விட்டிருந்தது. சாலையோரக் கடைகளில் பையன்கள் தூக்கம் கலையாத முகத்தோடு தேநீர் ஆற்றிக்கொண்டிருந்தார்கள். இப்போதெல்லாம் வருகைப் பட்டியலில் கையெழுத்திடும் முன், குறைவு உள்ள எல்லோரின் விண்ணப்பங்களையும் வாங்கி, ஒருசேர மேசையில் பரப்பிவிட்டுத்தான் பேனாவைத் திறக்கிறேன். அந்த மாணவனை எப்போதாவது தேரடித் தெருவில் பார்ப்பதுண்டு. வணக்கம் சொல்வான், நிற்பதில்லை.